ஒரே ஒரு கத்தி: தினமும் பையில் வைக்கவும் மலைக்கும் எது சரி?

கேள்வி, 12 ஜூன் 2024
அண்ணன்மார்களுக்கு, 3000 ரூபாய்க்குள் ஒரே ஒரு கத்தி வாங்கணும். தினமும் பையில் இருக்கணும், மாசம் ஒருமுறை மலைக்கும் வரணும். 4 மி.மீ. தடிமன், டி2 என்கிற கருவி ஸ்டீல், மடக்குக்கத்தி. இதுதான் எல்லாத்துக்கும் தாங்கும், மெல்லிசான கத்தியெல்லாம் பழம் நறுக்கத்தான் என்று முடிவுக்கு வந்திருக்கேன். சரிதானே?

12 ஜூன் 2024, இரவு
பாதிதான் சரி தம்பி. தாங்கும். வெட்டுமா என்பதை நீ கேட்கவே இல்லை.

நான் சொட்டுநீர்க் குழாய் போடுகிறவன். பொள்ளாச்சி, ஆனைமலை, உடுமலைப் பக்கத்துத் தென்னந்தோப்புகள்தான் என் ஆபீஸ். ஒரு நாளைக்கு முப்பது நாற்பது தடவை கத்தியை எடுப்பேன். 16 மி.மீ. லேட்டரல் குழாய் (மரங்களுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் கிளைக்குழாய்), சணல் கயிறு, உரமூட்டைத் தையல், அட்டைப்பெட்டி மேல் ஒட்டிய டேப், மதியத்துக்கு ஒரு மாங்காய். இதில் எதுவும் 4 மி.மீ. முதுகை, அதாவது கூருக்கு எதிர்ப்பக்கத் தடிமனை, கேட்பதில்லை. எல்லாம் கேட்பது மெல்லிய கூர்.

என்னிடம் இப்போது புழங்குவது மூன்று. விக்டோரினாக்ஸ் பயனியர் (மடக்கினால் 93 மி.மீ., அலுமினியப் பிடி), கார்பன் ஸ்டீல் ஓப்பினல் 8-ஆம் எண் (மரப்பிடி மடக்குக்கத்தி, அலகு 8.5 செ.மீ.), மலைக்கு மோரா கம்பேனியன் (மடங்காத, உறையில் வைக்கும் கத்தி). ஒன்றுதான் வேண்டும் என்றால் பயனியர். மலைக்குத் தனியாக ஒன்று சேர்க்கலாம் என்றால் மோரா.

13 ஜூன் 2024
நேற்று அவசரத்தில் காரணம் சொல்லாமல் விட்டேன். வீட்டில் ஒரு காரட் எடு. அரிவாள்மணையில் ஒரு துண்டு போடு. பிறகு உன் நண்பன் எவனிடமாவது இருக்கும் தடித்த கத்தியில் அதே காரட்டை அறு. பாதி தூரம் போனதும் ‘டக்’கென்று காரட் உடையும். அதற்குப் பெயர் அறுப்பது இல்லை, பிளப்பது. கூர் எத்தனை நன்றாக இருந்தாலும் அதன் பின்னால் வரும் உடம்பு தடியாக இருந்தால் பொருள் விலக இடமில்லாமல் கத்தியை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. அழுத்துகிறோம். அழுத்தும்போதுதான் வழுக்குகிறது. என் கையில் உள்ள தழும்புகளில் பாதி மொண்ணைக் கத்தி கொடுத்தது, மீதி தடித்த கத்தி கொடுத்தது.

ஓப்பினல் 8-இன் முதுகு 2 மி.மீ.கூட இல்லை. 1890-இல் பிரான்சின் சவோய் மலைப்பகுதியில் ஜோசப் ஓப்பினல் என்பவர் குடியானவர்களுக்காகச் செய்யத் தொடங்கிய கத்தி. ரொட்டி, பாலாடைக்கட்டி, திராட்சைக் கொடி, கயிறு. நம் ஊரில் மடியில் செருகிக்கொண்டு போகும் பேனாக்கத்திக்கு இருக்கும் அதே வேலைதான். வேலை தெரிந்தவர்கள் மெல்லியதாகத்தான் செய்திருக்கிறார்கள்.

20 ஜூன் 2024
“அப்போ காட்டில் விறகு பிளக்க?” என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். கத்தியை மரத்தின் மேல் வைத்து, முதுகில் கட்டையால் அடித்துப் பிளக்கும் காணொளிகளை நானும் பார்த்திருக்கிறேன். பனி நாட்டில், ஈர விறகின் உள்ளே காய்ந்த பகுதியை எடுக்க வேண்டிய இடத்தில் அதற்கு அர்த்தம் இருக்கிறது. நம் மலைகளில் அந்த வேலை எங்கே? 2018 மார்ச் 11-ஆம் தேதி குரங்கணியில் என்ன நடந்தது என்று மறந்துவிட வேண்டாம். காட்டுத்தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்ட மலையேற்றக்காரர்கள் இறந்துபோனார்கள். காட்டுக்குள் தீ மூட்டாதே. தீ இல்லை என்றால் விறகு இல்லை, விறகு இல்லை என்றால் 4 மி.மீ. கத்தியும் வேண்டாம்.

தோட்டத்தில், வீட்டில், விறகு பிளக்க வேண்டும் என்றால் அரிவாள் இருக்கிறது. கொல்லுப்பட்டறையில் லாரி ஸ்பிரிங் பட்டையில் அடித்த அரிவாள். சிலிக்கன், மாங்கனீசு கலந்த எஃகு அது. வளைந்து நிமிர்வதற்கென்றே செய்தது, அதனால் அதிர்ச்சியைத் தாங்கும். இறக்குமதிக் கத்தியைவிட விலை குறைவு. பிடி கழன்றால் அதே கொல்லர் போட்டுத் தருவார்.

7 ஜூலை 2024
வால்பாறையிலிருந்து எழுதுகிறேன். மூன்று நாளாக விடாத மழை. தமிழ்நாட்டிலேயே அதிகம் மழை கொட்டும் இடங்களில் ஒன்றான சின்னக்கல்லாறு பக்கத்தில்தான் இருக்கிறது, சொல்லவா வேண்டும். ஓப்பினல் திறக்கவில்லை. பிடி பீச் மரம்; ஈரம் குடித்து ஊதி, அலகைக் கவ்விக்கொண்டது. நகத்தை வைத்து இழுத்தால் நகம்தான் பிய்கிறது.

பதறாதீர்கள், இதற்குச் சவோய்க்காரர்கள் வைத்த வழி உண்டு. அலகைப் பூட்டும் வளையத்தைத் திறந்த நிலைக்குத் திருப்பிவிட்டு, பிடியின் அடிப்பக்கத்தை மேசை விளிம்பிலோ கல்லிலோ ஒரு தட்டுத் தட்டினால் அலகின் முதுகு வெளியே எட்டிப் பார்க்கும். பிறகு இரண்டு விரலால் பிடித்து இழுத்துக்கொள்ளலாம். இன்று காலை எஸ்டேட் லயன் வீட்டுப் படிக்கட்டில் தட்டித்தான் திறந்தேன். பார்த்துக்கொண்டிருந்த அக்கா, “ஏன் தம்பி, கத்தியை எழுப்பி விடுறீங்களா?” என்று கேட்டார். அவர் கையில் கவாத்துக் கத்தி. அது எந்த மழையிலும் எழுப்பாமலே விழித்திருக்கும் என்றார்.

9 ஜூலை 2024
மேலே எழுதியதோடு சேர்த்துப் படிக்கவும். ஊர் திரும்பியதும் பிடியை இரண்டு நாள் நிழலில் காயவைத்து, ஆளிவிதை எண்ணெய் தேய்த்தேன். பெயிண்ட் கடையில் லின்சீட் ஆயில் என்று கேட்டால் கிடைக்கும். ஒன்றைக் கவனியுங்கள்: எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அந்த எண்ணெய் காயும்போது சூடு விடும், சுருட்டிய துணி தானாகவே தீப்பிடிக்கும். கொடியில் விரித்துப் போட்டுக் காய்ந்த பிறகு எறியுங்கள்.

16 ஜூலை 2024
கார்பன் அலகு கறுத்துவிட்டது, துருவா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இல்லை. மாங்காய் அறுத்தீர்களா? வாழைப்பூ? எலுமிச்சை? இரும்பு அரிவாள்மணை வாழைக்காய்க் கறையில் கறுக்குமே, அதேதான் இது. கறுப்பும் நீலமுமாகப் படிவது நல்லது, அதன் மேல் துரு சீக்கிரம் ஏறாது. செம்மண் நிறத்தில் பொடியாக வந்தால்தான் துரு. அதைச் சாம்பல் தொட்டுத் தேய்த்து எடுத்துவிட்டு, துளி எண்ணெய் தடவுங்கள். தேங்காய் எண்ணெய் போதும். கொடைக்கானல் குளிரில் அது வெண்ணெயாக உறைந்து அலகில் ஒட்டிக்கொண்டு நிற்கும், அதுவும் நன்மைதான். மாதக்கணக்கில் எடுக்காமல் வைப்பதென்றால் தையல் மிஷின் எண்ணெய். ஆனால் பழம் நறுக்கும் முன் கழுவ வேண்டும்.

தோல் உறைக்குள் கத்தியை வைத்துவிட்டு மாதக்கணக்கில் மறந்துவிடாதீர்கள். தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

4 ஆகஸ்ட் 2024
ஜூன் 12-இல் நான் சொன்னதில் ஒன்றை, மலைக்கு மோரா என்றதை, திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

நேற்று ஒரு சரணாலயத்துக்குள் இருக்கும் கோயிலுக்குக் குடும்பத்தோடு போனோம். சோதனைச்சாவடியில் பிளாஸ்டிக் பைகளைத் தேடும்போது என் பையில் மோரா வந்தது. வனக்காவலர் கோபப்படவில்லை. “சார், இது உள்ளே ஆயுதம்” என்றார். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. கையெழுத்துப் போட்டு அங்கேயே கொடுத்துவிட்டு, திரும்பும்போது வாங்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து சட்டத்தை எடுத்துப் படித்தேன். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் ‘ஆயுதம்’ என்பதற்கான விளக்கத்தில் துப்பாக்கி, வில் அம்பு, வலை, கண்ணி, தூண்டில் கொக்கி இவற்றோடு கத்தியும் இருக்கிறது. நீளம் குறிப்பிடவில்லை. 31-ஆம் பிரிவின்படி தலைமை வன உயிரினக் காப்பாளரின் எழுத்து மூலமான முன் அனுமதி இல்லாமல் சரணாலயத்துக்குள் ஆயுதத்தோடு நுழையக் கூடாது. தேனிப் பக்கத்து மேகமலையும் திருநெல்வேலிப் பக்கத்துக் களக்காடு முண்டந்துறையும் இன்று புலிகள் காப்பகங்கள். நாம் ஆசைப்பட்டுப் போகும் மலைகளில் பாதி இந்த வேலிக்குள் இருக்கிறது.

அவர் செய்தது சரி. கண்ணி வைப்பவன் பையிலும் அதே மோராதான் இருக்கும். சாவடியில் நிற்கிறவர் முகத்தைப் பார்த்துப் பிரிக்க முடியாது. வனத்துறை வழிகாட்டியோடு போகும் மலைப்பாதைகளில் கத்தியை வீட்டில் வையுங்கள். கேட்காமல் கொண்டுபோய் மாட்டிக்கொள்ள வேண்டாம்.

5 ஆகஸ்ட் 2024
ஊருக்குள் கத்தி கொண்டுபோகலாமா என்று கேட்டவருக்கு: 1959 ஆயுதச் சட்டத்தின் விதிகளில் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகள் ஒரு வகையில் வருகின்றன. வீட்டு வேலை, விவசாயம், தொழில் ஆகியவற்றுக்கென்று செய்தவை அதில் சேராது. நாம் பேசும் கத்திகள் எல்லாம் இந்த அளவுக்கு ரொம்பக் கீழே. ஆனால் அளவு சின்னது என்பதால் எங்கேயும் கொண்டு போகலாம் என்று அர்த்தமில்லை. விமானத்தில் கைப்பையில் கூடாது. நீதிமன்றம், மெட்ரோ, சினிமா தியேட்டர், அரசியல் கூட்டம், எங்கும் வேண்டாம். பட்டன் அமுக்கினால் பாயும் கத்தி எந்த வேலைக்கும் உதவாது, போலீஸ் கண்ணில் அது ஒரே ஒரு வேலைக்குத்தான். தில்லியில் 1980-லேயே தனி அறிவிக்கை போட்டுக் கட்டுப்படுத்திய வகை அது.

வேலைக்குப் போகும்போது என் கத்தி ஸ்பேனர், டெஃப்லான் டேப், டிரிப்பர் பாக்கெட் இருக்கும் கருவிப்பையில்தான் இருக்கும். இடுப்பில் மாட்டுவதில்லை. ஒரு தோட்டத்தில் குழந்தைகள் ஓடி வந்து பார்க்கும் இடத்தில் இடுப்புக் கத்தியோடு நிற்பது எனக்கே பிடிக்கவில்லை.

11 அக்டோபர் 2024
ஆயுத பூஜை. வீட்டில் எல்லாவற்றையும் கழுவித் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்தோம். குழாய் வெட்டும் கத்தரி, டிரில், கத்திகள். அம்மா பரணிலிருந்து ஒரு துணிமூட்டையை இறக்கினாள். தாத்தாவின் பாளை அரிவாள்.

இதுவரை இதை இங்கே சொன்னதில்லை. தாத்தா உடன்குடிப் பக்கம் பனையேறி. மாசி பிறந்தால் ஏறத் தொடங்கி ஆடி வரைக்கும், காலையும் மாலையும், நாளைக்கு முப்பது பனை. இடுப்பின் பின்னால் அரிவாள் பெட்டி கட்டியிருப்பார். அதற்குள் பாளை அரிவாள், பாளையை நசுக்கும் கடிப்பு, சுண்ணாம்பு. நீங்கள் எல்லாம் தினமும் உடன் வைத்திருக்கும் கத்தி என்று பேசுகிறீர்களே, நான் பார்த்த முதல் ஆள் அவர்தான். பாளையின் நுனியை ஒவ்வொரு முறையும் தாள் கனத்துக்குச் சீவ வேண்டும். கனமாகச் சீவினால் பாளை சீக்கிரம் தீர்ந்துவிடும், அந்தப் பருவத்துப் பதநீர் போச்சு. மொண்ணையாக இருந்து நசுங்கினால் கண் அடைத்துக்கொண்டு ஊறாது. அதனால் ஏறுவதற்கு முன் தீட்டாமல் அவர் கிளம்பியதே இல்லை.

தீட்டுவதற்குக் கல் இல்லை. ஒரு மரப்பலகை. அதன் மேல் வெங்கச்சங்கல்லை (குவார்ட்ஸ் என்கிற வெள்ளைக் கல்) இடித்துப் பொடியாக்கித் தூவி, அலகைப் படுக்கவைத்து முன்னும் பின்னும் இழுப்பார். ‘சர்ர் சர்ர்’ என்று கேட்கும். பிறகு முழங்கை மயிரைச் சிரைத்துப் பார்ப்பார். இன்று ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கும் தோல்பட்டையும் வைரப் பசையும் செய்வது வேறொன்றுமில்லை, மென்மையான பரப்பில் கடினமான பொடி.

அரிவாள் துருவேறி இருக்கிறது. அலகில் பாதி தேய்ந்து போயிருக்கிறது. நாற்பது வருடத் தீட்டல். சந்தனம் வைக்கும்போது அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

13 அக்டோபர் 2024
தீட்டுவது எப்படி என்று எழுதச் சொல்லி ஐந்து பேர். எழுதுகிறேன். கத்தி வாங்க வைத்திருக்கும் 3000-இல் முதலில் கல்லுக்கு ஒதுக்குங்கள்.

ஹார்டுவேர் கடையில் இரண்டு பக்கக் கார்பொரண்டம் கல் கிடைக்கும், ஒரு பக்கம் சொரசொரப்பு, ஒரு பக்கம் நைஸ். அதுவே போதும். ஈரத்துணி விரித்து அதன் மேல் கல்லை வையுங்கள், நகராது. தண்ணீர் தெளியுங்கள். கோணம்தான் எல்லாருக்கும் பயம். 30 டிகிரி வைத்துத் தள்ளுங்கள். கூரில் மார்க்கர் பேனாவால் கறுப்புப் பூசிக்கொண்டு இரண்டு இழுப்பு இழுத்துப் பாருங்கள். மை கூரின் நுனியில் அழிந்தால் கோணம் சரி. மேலே தோள்பட்டையில் (கூரின் சரிவு அலகின் உடம்போடு சேரும் இடம்) மட்டும் அழிந்தால் முதுகை இன்னும் கொஞ்சம் தூக்க வேண்டும்.

ஒரு பக்கம் தேய்க்கத் தேய்க்க மறுபக்கம் பிசிறு எழும். கட்டைவிரலைக் கூரிலிருந்து வெளிப்பக்கமாக வருடினால் நூலிழை மாதிரி தட்டுப்படும். கூர் நெடுக அந்தப் பிசிறு வரும் வரை பக்கம் மாற்றாதீர்கள். நூற்றுக்குத் தொண்ணூறு பேர் தோற்பது இந்த இடத்தில்தான். பிசிறு வருவதற்கு முன்பே பக்கம் மாற்றி மாற்றி ஒரு மணி நேரம் தேய்ப்பார்கள். பிசிறு வந்தால் மறுபக்கம். பிறகு நைஸ் பக்கத்தில் அழுத்தம் குறைத்துக் குறைத்து, கடைசியில் கத்தியின் சொந்தக் கனத்தில் மட்டும். கடைசியாகப் பழைய இடுப்பு பெல்ட்டின் உள்பக்கத்தில், முதுகு முன்னே போக, கூர் பின்னால் வரும்படி பத்து இழுப்பு.

தெருவில் வரும் சாணைக்காரரிடம் அரிவாளைக் கொடுக்கலாம். மெல்லிய கத்தியைக் கொடுக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். சக்கரத்தில் சூடேறி நுனி நீலமாக மாறினால் அந்த இடத்தில் தோய்ச்சல் (கொல்லர் சூடாக்கித் தோய்த்து ஏற்றிய கடினம்) போய்விட்டது என்று பொருள், எத்தனை தீட்டினாலும் கூர் நிற்காது. அடிக்கடி தண்ணீரில் தோய்த்து எடுக்கச் சொல்லுங்கள், நல்ல சாணைக்காரர் சொல்லாமலே செய்வார்.

14 அக்டோபர் 2024
திருத்தம். நேற்று ‘30 டிகிரி வைத்து’ என்று எழுதியது தவறு. இரண்டு பக்கமும் சேர்த்து 30. பக்கத்துக்கு 15. கணக்கு வேண்டாம் என்றால் இப்படிப் பாருங்கள்: அலகின் அகலம் 2 செ.மீ. என்றால் முதுகைக் கல்லிலிருந்து அரை செ.மீ. தூக்கினால் ஏறத்தாழ 15 டிகிரி. பயனியர் அலகு அதைவிடக் குறுகல், 4 மி.மீ. போதும். மோராவுக்கு இந்தக் கணக்கே வேண்டாம். அதன் சரிவுப் பகுதி அகலமாக, தட்டையாக இருக்கும், அதை அப்படியே கல்லில் படுக்கவைத்துத் தேய்த்தால் போதும். முதல்முறை தீட்டப் பழகுகிறவருக்கு நான் மோராவைக் கையில் கொடுப்பதற்கு இதுவே காரணம். நேற்றைய குறிப்பைப் பார்த்துத் தீட்டியவர்கள் யாராவது இருந்தால் மன்னியுங்கள், இன்னொரு முறை உட்கார வேண்டியிருக்கும்.

2 டிசம்பர் 2024
இடது கையால் தட்டச்சு செய்கிறேன். பிழை இருந்தால் பொறுக்கவும்.

சனிக்கிழமை ஒரு தோப்பில், கருவிப்பையை வண்டியிலேயே விட்டுவிட்டு, உடன் வந்த பையனிடமிருந்த மடக்குக்கத்தியை வாங்கினேன். உள்தகடு நழுவி வந்து அலகைத் தாங்கும் வகைப் பூட்டு, லைனர் லாக். லேட்டரலில் முனையைக் குத்தித் திருப்பினேன். பூட்டு வழுக்கியது. ஆள்காட்டி விரலில் நான்கு தையல். பார்த்தால் அந்தத் தகடு அலகின் அடியைப் பாதிகூடத் தொடவில்லை. கம்பெனிப் பெயர் சொல்ல மாட்டேன், கேட்க வேண்டாம். தப்பு என்னுடையதும்தான்: பிறர் கத்தியை வாங்கினால் முதலில் பூட்டைச் சோதிக்க வேண்டும். அலகைத் திறந்து, விரல்களை வழியிலிருந்து எடுத்துவிட்டு, முதுகை மேசையில் மெதுவாகத் தட்டிப் பார்த்தால் தெரிந்திருக்கும்.

பயனியரில் பூட்டே கிடையாது. அதனாலேயே அதில் ஒருபோதும் முனையால் குத்தித் திருப்ப மாட்டேன், கை தானாக நின்றுவிடும். பூட்டு இருக்கிறது என்ற நம்பிக்கைதான் சனிக்கிழமை என்னைக் குத்தித் திருப்ப வைத்தது. இதை நினைத்துக்கொண்டேதான் தையல் போடும்போது படுத்திருந்தேன்.

குழாயில் துளை போட, அதற்கென்று இருக்கும் துளைப்பானை எடு. இது எனக்கு நானே எழுதிக்கொண்டது.

9 ஜனவரி 2025
எந்த மடக்குக்கத்தி ஒத்துவரும் என்று இடதுகைக்காரர் ஒருவர் கேட்டதற்கு: லைனர் லாக் பெரும்பாலும் வலதுகைக்குச் செய்தது. ஓப்பினலின் வளையம் எந்தக் கைக்கும் ஒத்துவரும், நகக்குழி மட்டும்தான் இடைஞ்சல். 8-ஆம் எண்ணில் இடதுகைக்கென்றே ஒரு வடிவம் செய்கிறார்கள். தேடுங்கள்.

2 மார்ச் 2025
டி2 பற்றி நான் நியாயமாகப் பேசவில்லை என்று தோன்றுகிறது. ஜூன் மாதம் கேட்ட தம்பி தன் கைக்காசில் ஒரு டி2 மடக்குக்கத்தி வாங்கி, “மூன்று மாதம் வைத்துப் பார்த்துவிட்டு எழுதுங்க அண்ணா” என்று எனக்குக் கொடுத்து அனுப்பினான். 3 மி.மீ. முதுகு, ஆனால் கூர் வரும் இடத்தில் நன்றாக மெலிந்து வருகிறது.

வைத்துப் பார்த்தேன். டி2 அச்சுகள், வெட்டுத் தகடுகள் செய்யும் கருவி எஃகு. கார்பன் ஏறத்தாழ 1.5 சதவீதம், குரோமியம் 12. ஆனால் குரோமியத்தில் பெரும்பகுதி கார்பனோடு சேர்ந்து கடினமான துகள்களாக உட்கார்ந்துவிடுவதால் துருவைத் தடுக்க மிச்சம் இருப்பது குறைவு. வியர்வை பட்டால் புள்ளி விழுகிறது, எனக்கும் விழுந்தது. ஆனால் குழாயும் அட்டையும் மாறி மாறி அறுத்ததில் கூர் பயனியரைவிட நான்கு மடங்கு நாள் நின்றது. அதை மறைத்தால் பொய். பயனியரை நான் வாரம் இரண்டு முறை கல்லில் இழுக்கிறேன். இதை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இழுத்தேன். ஆனால் இழுக்கும்போது கார்பொரண்டம் கல்லில் அரை மணி நேரம். பயனியருக்கு ஐந்து நிமிடம். வனேடியம் அதிகமுள்ள விலை உயர்ந்த எஃகுகள் இன்னும் மோசம். அந்தத் துகள் சாதாரணத் தீட்டுக்கல்லைவிடக் கடினம், வைரத் தகடு இல்லாமல் தீட்டுவது பெரும்பாடு.

ஆக, ஜூன் 12-இல் சொன்னதைத் திருத்துகிறேன். தம்பி, டி2 என்றது தவறில்லை. 4 மி.மீ. என்றதுதான் தவறு. உனக்குக் கல்லில் உட்காரப் பிடிக்காது என்றால், மெலிந்த டி2 நல்ல தேர்வு. எனக்குப் பிடிக்கும்.

5 மார்ச் 2025
“வெளிநாட்டு எஃகு பற்றியே பேசுகிறீர்களே, நம்முடையது இல்லையா?” ஒருவர் கோபமாக. இருந்தது. ஈரோடு மாவட்டம் நொய்யல் கரையில் கொடுமணல் அகழாய்வில் மூசையில் (உலோகம் உருக்கும் மண்கலம்) எஃகு உருக்கியதற்கான தடயங்கள் கிடைத்திருக்கின்றன. ‘வூட்ஸ்’ என்று ஐரோப்பியர் அழைத்த தென்னிந்திய எஃகு அந்த வகை. உருக்கு என்று தமிழிலும் உக்கு என்று கன்னடம் தெலுங்கிலும் சொல்வதுதான் அப்படித் திரிந்தது என்பார்கள். மின்சாரத்தில் பெயர் வாங்கும் முன்பே மைக்கேல் ஃபாரடே, லண்டனில் கத்தி செய்துவந்த ஜேம்ஸ் ஸ்டோடார்ட்டோடு சேர்ந்து அந்த எஃகை ஆராய்ந்து 1820-இல் கட்டுரை வெளியிட்டார். ஃபாரடேயின் அப்பா கொல்லர். அந்த ஆர்வம் எங்கிருந்து வந்திருக்கும் என்று எனக்குப் புரிகிறது.

ஆனால் இன்று ‘வூட்ஸ்’ என்று சொல்லி இணையத்தில் விற்கும் அலை அலையான கத்திகள் பெரும்பாலும் இரண்டு வகை எஃகை அடுக்கி அடித்து அமிலத்தில் தோய்த்தவை. அழகுதான். பெயர்தான் வேறு.

27 ஏப்ரல் 2025
உடன்குடியில் இருக்கிறேன். தாத்தாவின் அரிவாளைக் கொண்டு வந்தேன். ஐந்து மாதமாக ஞாயிற்றுக்கிழமைகளில் கொஞ்சம் கொஞ்சமாகத் துரு எடுத்து, கல்லில் தீட்டி, மயிர் சிரைக்கும் கூருக்குக் கொண்டுவந்திருந்தேன். இப்போது பருவம். தாத்தாவோடு சின்ன வயதில் ஏறிய சித்தப்பா ஒருவர் இன்றும் ஏறுகிறார். கீழே வைத்தேன், எடுத்துக்கொண்டார். கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும் என்று தாத்தா சொன்னது எங்கள் இரண்டு பேருக்கும் நினைவிருந்தது.

கட்டைவிரல் நகத்தில் கூரை வைத்து லேசாக இழுத்துப் பார்த்தார். “மயிரு போவும். பாளை போவாது” என்றார்.

புரியவில்லை. பலகையை எடுத்துப் போட்டார், பொடி தூவினார். தீட்டும்போது பார்த்தேன்: நான் செய்தது போல நுனியை மட்டும் அவர் தீட்டவில்லை. அலகை ஏறக்குறைய முழுதாகப் படுக்கவைத்து, கூருக்குப் பின்னால் இருக்கும் உடம்பையும் சேர்த்து இழைத்தார். ஒவ்வொரு நாளும் அப்படி இழைப்பதால்தான் நாற்பது வருடத்தில் அலகு பாதியாகியும் கூர் தடிக்கவில்லை. நான் ஐந்து மாதம் தீட்டியதில் கூருக்குப் பின்னால் ஒரு தோள்பட்டையை ஏற்றி வைத்திருக்கிறேன். கூர்மை இருக்கிறது, மெலிவு இல்லை. பாளையில் அது சீவாது, நெம்பும்.

ஜூன் 13-ஆம் தேதி காரட்டை வைத்து உங்களுக்கெல்லாம் விளக்கியவன் நான். தாத்தாவின் அரிவாளில் அதே தப்பைச் செய்துவிட்டு வந்து நிற்கிறேன். இன்று ராத்திரி தூக்கம் வரவில்லை, அதனால்தான் இப்போதே எழுதுகிறேன்.

28 ஏப்ரல் 2025
அக்டோபர் 13 குறிப்பில் இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பத்துத் தடவை கூரைத் தீட்டினால், பதினோராவது தடவை கோணத்தைப் பாதியாக்கி, 7 அல்லது 8 டிகிரியில், கூருக்குப் பின்னால் இருக்கும் தோள்பட்டையைச் சொரசொரப்புப் பக்கத்தில் இழைத்து இறக்குங்கள். அலகில் கீறல் விழும், பளபளப்புப் போகும். போகட்டும்.

அரிவாளைச் சித்தப்பாவிடமே விட்டுவிட்டேன். ஆடியில் வந்து வாங்கிக்கொள்கிறேன் என்றேன்.

10 ஆகஸ்ட் 2025
வாங்கப் போனேன். பருவம் முடிந்துவிட்டது. அரிவாள் பெட்டிக்குள் இருந்தது, பிடியில் புதிதாக வேப்பங்கட்டை போட்டிருந்தார். அலகில் ஒரு துளி துரு இல்லை. என் கையில் கொடுக்காமல் திண்ணையில் வைத்தார். நான் எடுக்கவில்லை. வருகிற மாசிக்கும் அவருக்கு வேண்டியிருக்கும்.

தம்பிக்கு: எனக்கு அனுப்பிய டி2-வைத் தவிர நீ கடைசியில் எதுவும் வாங்கவில்லை, வீட்டில் கிடந்த அப்பாவின் பேனாக்கத்தியைக் கல்லில் போட்டுப் பார்க்கிறேன் என்று எழுதியிருந்தாய். சாணைச் சூட்டில் அலகு நீலமாகியிருக்கிறதா என்று முதலில் பார். இல்லையென்றால் சொரசொரப்புப் பக்கத்தில் தொடங்கு, தோள்பட்டையிலிருந்து. உன் டி2 என்னிடம்தான் இருக்கிறது. சனிக்கிழமை பொள்ளாச்சி வந்தால் வாங்கிக்கொள். பேனாக்கத்தியையும் எடுத்து வா, பலகை ஒன்று செய்து வைத்திருக்கிறேன். சித்தப்பா ஒரு டப்பா பொடி கொடுத்து அனுப்பியிருக்கிறார்.